சொல்லாமல் மூடுவதா மானம்?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு நல்ல காரியம் நடந்து வருகின்றது. பாட்டன் வலை இழுத்தான், தகப்பன் வலை இழுத்தான், ஆகையால் பிள்ளையும் வலைதான் இழுக்க வேண்டும் என்று இருந்த கட்டை அறுத்துக்கொண்டு, பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பொன்னேரிக்கும் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் சர்வகலாசாலைப் படிப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். ஏரியின் முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்து போகின்றது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் பெருகிவிட்டன. பழைய மீன்பாடு இல்லை. ஆகவே வலையை நம்பி இருந்த குடும்பம் இன்று புத்தகத்தை நம்பி இருக்கின்றது. தாய் கூடை சுமந்து மீன் விற்ற காசும், வட்டிக்கு வாங்கிய காசுமே கல்லூரிச் சம்பளமாகவும் ஹாஸ்டல் கட்டணமாகவும் போகின்றன.

இப்படிப் போகிற பிள்ளைக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கின்றது? அவமரியாதை நேர்ந்தால் அப்பிள்ளை யாரிடம் சொல்வது? சொன்னால் வீட்டார் என்ன செய்கிறார்கள்? இம்மூன்று கேள்விகளைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண், ஆசிரியன் ஒருவனோ உடன் படிப்பவன் ஒருவனோ தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்று வீட்டில் வந்து சொன்னால், நம் ஊர்களில் வழக்கமாய் நடப்பது என்ன? தாய் அழுகிறாள். தகப்பன், "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்கிறான். பெரியவர்கள் கூடி, "படித்தது போதும், நிறுத்திவிடு" என்கிறார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கலியாணம் பேசி முடித்துவிடுகிறார்கள். தப்புச் செய்தவனோ மறு வருஷமும் அதே கல்லூரியில், அதே மீசையை முறுக்கிக்கொண்டு, வேறொருவர் வீட்டுப் பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறான். இதில் தண்டனை யாருக்குக் கிடைத்தது? பரிசு யாருக்குக் கிடைத்தது? இதற்குப் பெயர்தான் மானம் என்றால், அந்த மானத்தால் பிரயோஜனம் அடைகிறவன் அயோக்கியன் ஒருவனே அல்லவா?

குப்பத்துத் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். இரவோடு இரவாக ஒருவன் வந்து உங்கள் வலையை அறுத்துவிட்டுப் போனால், "வலை அறுந்தது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று வீட்டுக்குள் ஒளித்து வைப்பீர்களா? விடியுமுன் ஊரைக் கூட்டமாட்டீர்களா? அறுத்தவன் யார் என்று கண்டுபிடித்து அபராதம் போடாமல் விடுவீர்களா? நூலும் முடிச்சுமான வலைக்கு ஊர் கூடுகின்றது. பெற்ற பெண்ணுக்கு ஊர் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றது. வலையைப் பறிகொடுத்தவன் வெட்கப்படுவதில்லை, அறுத்தவனே வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, பெண் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போயிற்று?

நிற்க, கல்லூரியில் நேரும் அவமரியாதை பெண்களுக்கு மாத்திரம் உரியதல்ல. அது பெரும்பாலும் மிகச் சிறிய வார்த்தையில் தொடங்குகின்றது. மீனவர் பிள்ளைக்கு அந்த வார்த்தை என்னவென்று சொல்லத் தேவையில்லை. "நாற்றம்" என்பதுதான் அது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றமடிக்கிறது என்று சொல்லி சர்க்கார் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் வாய் மூடிப் போகவில்லை. பஸ் நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டார். அதை நாடே பார்த்தது. பஸ் சிப்பந்திகள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அந்த அம்மாளைப் போன்றவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று ஹாஸ்டல் சாப்பாட்டு அறைக்குள் நுழைகிறார்கள்.

அந்த அறையின் லட்சணம் என்ன? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு சாப்பாட்டுக் கூடத்தில், மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வாசல், சாப்பிடாதவர்களுக்கு ஒரு வாசல், கை கழுவுவதற்குக்கூடத் தனித்தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகே அதைக் கிழித்தார்கள். 2023ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில், சைவர்களுக்கென்று ஒதுக்கிய மேஜையை எதிர்த்ததற்காக ஒரு மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். இது நமக்குப் புதிதா? 1925ல் சேரன்மாதேவி குருகுலத்தில், காங்கிரசின் பொதுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துத்தானே பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ச்சி செய்தார்கள்? நம் இயக்கம் பிறந்த காலத்துச் சண்டைகளில் முக்கியமான ஒன்று, படிக்கிற பிள்ளைகளின் சோற்றுப் பந்தியைப் பற்றிய சண்டைதான். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, அதே பந்தி மேஜை நாற்காலி போட்டுக்கொண்டு வந்திருக்கின்றது. வித்தியாசம் அவ்வளவே.

"ஒரு வார்த்தைதானே, ஒரு மேஜைதானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன வார்த்தையில் தொடங்குவது எங்கே போய் முடிகின்றது என்று அவர்கள் பார்க்கட்டும். 17-1-2016ல் ஐதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் அவரும் தோழர்களும் ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திறந்த வெளியில் படுத்துக்கிடந்தார்கள். 2019 மே மாதத்தில் பம்பாயில் பாயல் தாட்வி என்ற ஆதிவாசி மருத்துவ மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். மேல் வகுப்பு டாக்டர்கள் மூவர் அவரை ஜாதி சொல்லி இழிவுபடுத்தி வந்தார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. தாம் முன்னமேயே முறையிட்டும் கேட்பாரில்லை என்று அவர் தாயார் சொன்னார். முறையிடும்போது காது கொடுக்காதவர்கள், பிணத்தின் மேல் மாலை போட வருவதால் என்ன பயன்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு என்ற மாணவர், மேல் வகுப்பு மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். அவர் ஒரு துணைவேந்தரின் பிள்ளை. மறு வருஷமே, 1997ல், ராகிங்கைக் குற்றமாக்கும் சட்டம் நம் மாகாணத்தில் வந்துவிட்டது. வந்தது நல்லதுதான். ஆனால் துணைவேந்தர் பிள்ளைக்கே அந்தக் கதி நேருமென்றால், வலைக்காரன் பிள்ளைக்கு யார் காவல்? சட்டம் ஒன்றே காவல். அந்தச் சட்டமும், எடுத்துச் சொல்ல வாயுள்ளவனுக்குத்தான் காவல்.

ஆகவே என்ன சட்டம் இருக்கிறது, எப்படிச் சொல்வது என்பதை ஒவ்வொரு குப்பத்திலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, பெண்களிடம் முறைகேடாய் நடப்பது பற்றி. 1997ல் விசாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு முதன்முதலில் விதி வகுத்தது. 2013ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 2015ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளுக்கென்றே விதி செய்தது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் உள் விசாரணைக் கமிட்டி இருந்தே தீரவேண்டும். மூத்த ஆசிரியை ஒருவர் அதற்குத் தலைவி. ஆசிரியர் இருவர், அலுவலர் இருவர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் அதில் இருக்க வேண்டும். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் முதலிய அதிகாரிகள் அதில் உட்காரவே கூடாது. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் பிராது எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் கமிட்டியாரே எழுத உதவ வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியன் அப்பெண்ணுக்கு மார்க்குப் போடாதபடி தடுக்கலாம். பிராது கொடுத்தவளின் பெயரை வெளியே விடக்கூடாது. நிரூபிக்க முடியாமற் போயிற்று என்ற ஒரே காரணத்தால் அது பொய்ப் பிராது ஆகிவிடாது. இதையெல்லாம் எந்தத் தகப்பனும் கல்லூரிக்கு நெஞ்சு நிமிர்ந்து போய்க் கேட்கலாம். இது தருமமல்ல, உரிமை.

இரண்டாவது, ராகிங் பற்றி. 1997ஆம் வருஷத்துச் சட்டப்படி ராகிங் செய்தவனுக்கு 2 வருஷம் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிராது வந்தும் விசாரிக்காத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். 1800-180-5522 என்ற டெலிபோன் எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் சொல்லலாம்.

மூன்றாவது, ஜாதி பற்றி. 2012ஆம் வருஷத்து மானியக் குழு விதிப்படி, ஒவ்வொரு கல்லூரியும் பாகுபாட்டைத் தடுக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும்; அவர் பிராதை 60 நாளில் தீர்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டவரையோ பழங்குடியினரையோ ஜாதி சொல்லி இழிவுபடுத்தினால், 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீசிலும் பிராது கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். எந்தப் பெண்ணுக்கும், தாழ்த்தப்பட்டவர் பழங்குடியினர் எவருக்கும், வருமானம் எதுவாயிருந்தாலும், சட்டப்பணிகள் குழு இலவசமாய் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு ஆபத்தென்றால் 181 என்ற எண் இருக்கிறது.

பிள்ளைகள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தார் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். செல்போனில் வந்த தகாத சேதிகளை அருவருப்பில் அழித்துவிடக் கூடாது. பிராதின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பக் கூடாது.

"சட்டம் ஏட்டில் இருக்கும், சொன்னவள் சந்தியில் நிற்பாள்" என்று சிலர் சொல்லுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 23-12-2024 இரவு, அந்த வளாகத்துக்குள்ளேயே, வெளியாள் ஒருவன் ஒரு மாணவியைப் பலாத்காரம் செய்தான். அம்மாணவி போலீசில் பிராது கொடுத்தார். அப்புறம் நேர்ந்தது வெட்கக்கேடு. அந்தப் பெண்ணின் அடையாளம் தெரியும்படியாக, பிராதின் முதல் தகவல் அறிக்கையே வெளியில் பரவிவிட்டது. சில புத்திசாலிகள், "அந்நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். தன் சர்வகலாசாலைக்குள் ஒரு மாணவிக்கு என்ன வேலை என்று கேட்கிறவன், அயலானுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை.

ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. சென்னை ஐக்கோர்ட்டு தலையிட்டது. பெண் போலீஸ் அதிகாரிகளையே கொண்ட தனிக்குழுவை விசாரிக்கச் சொல்லிற்று. அறிக்கை வெளியானதால் நேர்ந்த இழிவுக்காக அப்பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. 2-6-2025ல், அதாவது ஆறு மாதத்துக்குள், குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை; 30 வருஷத்துக்குக் குறையாமல் உள்ளே கிடக்க வேண்டும் என்று மகளிர் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்த மாணவி "மானம்" என்று வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் இன்றைக்கும் அந்த மதிற்சுவர் ஓரமாய் உலவிக்கொண்டிருப்பான். உண்மையில் மானத்தைக் காப்பாற்றியவர் யார்? வாய் திறந்த அந்தப் பெண்ணா, கேள்வி கேட்ட புத்திசாலிகளா?

இனி, ஜாதிப் பாகுபாட்டு விதிக்கு நேர்ந்த கதியையும் வாசகர்கள் அறிய வேண்டும். ரோஹித்தின் தாயாரும் பாயலின் தாயாரும் சேர்ந்து, 2012ஆம் வருஷத்து விதி ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடக்கிறது என்று 2019ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டு தாய்மாரின் முயற்சியின் பலனாக 13-1-2026ல் மானியக் குழு புதிய விதி வெளியிட்டது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினரோடு பிற்படுத்தப்பட்டவரையும் அதில் சேர்த்தார்கள். அதாவது நம் மீனவர் பிள்ளையும் சேர்ந்தான். உடனே வடக்கே கூக்குரல் எழும்பிற்று. "எங்கள் மேல் பொய்ப் புகார் வருமே, எங்களுக்குப் பாதுகாப்பு எங்கே?" என்று உயர்ஜாதி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 29-1-2026ல் சுப்ரீம் கோர்ட்டு புது விதியை நிறுத்தி வைத்து, 2012ஆம் வருஷத்து விதியே நடக்கட்டும் என்றது. தாய்மார் ஆறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து பெற்றது பதினாறு நாளில் நின்றது. திருட்டைத் தடுக்கச் சட்டம் வந்தால் திருடாதவன் பயப்படுவானேன் என்று மட்டும் கேட்கின்றோம். பொய்ப் பிராது எந்தச் சட்டத்திலும் வரலாம். அதற்காக வரப்புத் தகராறுக்கும் கடன் பத்திரத்துக்கும் உள்ள சட்டங்களை யாரும் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லையே!

நிற்க, நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் கல்லூரியில் தொல்லை என்றதும், நம்மவர்கள் முதலில் ஓடுவது எங்கே? ஜோசியனிடம். "ஏழரைச் சனி, இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்" என்று அவன் சொல்லுகிறான். அடுத்தபடி அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார்கள். விசாரணைக் கமிட்டிக்குக் கெடு 3 மாதம்; ஜோசியன் கொடுக்கும் கெடு 2 வருஷம்! ஜோசியன் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தால் சட்டம் கொடுத்த வழியும் அடைந்துபோகும். சனியா வந்து பெண்ணின் கையைப் பிடித்தது? பிடித்தவனுக்குப் பேர் உண்டு, ஊர் உண்டு, ஹாஸ்டல் அறை நம்பர் உண்டு. அவனை விட்டுவிட்டு ஆகாயத்தில் இருக்கும் கிரகத்தின் மேல் பழி போடுவது, அவனுக்குச் செய்யும் உபகாரமே தவிர வேறென்ன?

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏரியில் "பாடு" என்று ஒரு முறை இருக்கின்றது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. பங்காளிச் சண்டை வராமல் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுத யோக்கியதை எது? இன்ன ஜாதியில், இன்ன குப்பத்தில் பிறந்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் ஏரிக்கரையிலேயே பிறந்து ஏரியிலேயே பிழைத்தாலும் அவனுக்குப் பாடு இல்லை. இருளப் பெண் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறாள், அவளுக்கும் இல்லை. தண்ணீரில் பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்குகிற நாம், ஐ.ஐ.டி.யில் பிறப்பைப் பார்த்து மேஜை ஒதுக்குகிறான் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஹாஸ்டலில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இருளர் பிள்ளை படுத்திருக்குமானால், அவனை நம் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதையும் விசாரிக்க வேண்டாமா? நமக்கு மேலே இருப்பவன் இறங்கி வரவேண்டும், நமக்குக் கீழே இருப்பவன் அப்படியே கிடக்க வேண்டும் என்பது சுயமரியாதையல்ல, அதுவும் பார்ப்பனியமே.

அதுபோலவே, பெண் விஷயத்தைத் தீர்க்க ஆண்கள் மட்டும் கூடுகிற பஞ்சாயத்தும் ஒழியவேண்டும். சட்டப்படி கல்லூரிக் கமிட்டியில் பாதிப் பேர் பெண்கள். ஊர்க் கூட்டத்தில் எத்தனை பெண்கள்? பெண் பேச இடமில்லாத சபையில் பெண்ணுக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்? அங்கே கிடைப்பது ராஜி. அதாவது குற்றவாளியின் தகப்பனிடம் அபராதம் வாங்கிக்கொண்டு பெண்ணின் வாயை மூடுவது.

எனவே நாம் சொல்லுவது இதுதான். ஒவ்வொரு குப்பத்திலும் நம் இயக்கத் தோழர்கள் வருகிற கல்லூரி திறப்புக்கு முன் ஒரு கூட்டம் போடட்டும். ஊரிலிருந்து வெளியே போய்ப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எழுதட்டும். அதில் தாழ்த்தப்பட்டவர் பிள்ளையும் இருளர் பிள்ளையும் விடுபடக் கூடாது. படித்த பெண்கள் இருவரை, எந்தப் பிள்ளையும் கூச்சமில்லாமல் டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லக்கூடியவர்களாக, நியமிக்கட்டும். பிராது கொடுக்கப் போகும் பெண்ணோடு பெற்றோரும் அந்த இருவரும் கூடப் போகட்டும். அம்மன் திருவிழாவுக்கு வசூலிக்கிற வரியில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலே, பஸ் சத்தத்துக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் மிஞ்சிப்போகும். எந்தக் காரணத்தைக் கொண்டும், தொல்லைக்கு ஆளான பிள்ளையின் படிப்பை நிறுத்துவதில்லை என்று அக்கூட்டத்திலேயே தீர்மானம் செய்யட்டும். நிறுத்தப்பட வேண்டியது தொல்லை கொடுத்தவனின் படிப்பு, அல்லது உத்தியோகம்.

மானம் என்பது ஊரார் வாயில் இருப்பதல்ல. தப்பைத் தப்பென்று சொல்லும் நம் வாயில் இருப்பது. நாளைக்கு உங்கள் மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, ஒன்று சொல்ல வேண்டும்" என்று தயங்கினால், "சொல்லம்மா, நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், சேர்ந்து போய் எழுதிக் கொடுப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு பதிலைச் சொல்லத் தெரிந்த தகப்பனே நம் அபிப்பிராயத்தில் மானமுள்ளவன்.